கல் சரி, உருளை?

பிரிட்டனில் எம்.ஓ.டி. எனும் வாகனத் தகுதிச் சோதனை 1960-இல் தொடங்கியபோது, பத்தாண்டு ஓடிய வண்டிகளின் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றைத்தான் பார்த்தார்கள். இன்று மூன்று வயது கடந்த காரே ஆண்டுதோறும் கராஜுக்குப் போகவேண்டும். பெரும்பாலானவை அங்கே ரோலரில்தான் பிரேக் பிடித்துக் காட்டுகின்றன. 2010 செப்டம்பருக்குப் பின் வந்த காருக்கு எடையில் 58 விழுக்காடாவது பிரேக் விசை வேண்டும்; 1,200 கிலோ காருக்கு 696 கிலோ. 680 காட்டினால் தோல்வி. குறைந்த 16 கிலோ பிரேக்கிலா, கருவியிலா?

இதற்குக் கராஜ்காரர் காட்டும் பதில் அளவுத்திருத்த ஸ்டிக்கர். ரோலரைச் சுழற்றும் மோட்டார் அசைய இடம்விட்டுத் தொங்குகிறது. டயர் எதிர்த்துப் பிடிக்கையில் அது திரும்பப் பார்க்கிறது, அந்தத் தள்ளலை லோடு செல் அளக்கிறது. திருத்துபவர் நீண்ட கம்பியைப் பொருத்தி எடைக்கல்லைத் தொங்கவிடுவார். திரையில் உரிய எண் வரவேண்டும். மளிகைக்கடைத் தராசைப் போல எளிமையான முறை இது. லோடு செல்லை மாற்றியபிறகு இதைச் செய்யாமல் வண்டியை ஏற்றுவது குற்றத்துக்குச் சமம் என்பேன்.

ஆனால் கல் தொங்கும்போது ரோலர் சுற்றுவதில்லை. டயரைப் பற்றும் சொரசொரப்பான மேற்பூச்சை அந்தக் கல் சோதனை தொடுவதே இல்லை. பூச்சு தேய்ந்தாலோ எண்ணெய் படிந்தாலோ டயர் சீக்கிரமே வழுக்கும். நடுவிலுள்ள சிறு உருளை அதை உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிடும். நல்ல பிரேக்குக்கும் எண் குறையும் என்பது பாதிக் கதை. மீதி இன்னும் மோசம்: பாதிக்கு மேற்பட்ட சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், எண் குறைந்தாலும் தேர்ச்சி தர விதி இடம் கொடுக்கிறது. வழவழத்த ரோலரில் சோர்ந்த பிரேக்கும் எளிதாகப் பூட்டிக்கொள்ளும். நல்ல வண்டி சந்தேகத்துக்கு ஆளாக, மோசமான வண்டி தப்பிவிடலாம்.

பூஜ்யம் செய்யும் பொத்தானும் இப்படித்தான். ரோலர் வெறுமனே சுற்றும்போது பூஜ்யம் வைக்கும் கருவிகளில், இறுகிய பேரிங்கின் இழுவையும் சேர்ந்தே கழிந்துபோகும். காதுக்குக் கேட்கும் கரகரப்பு திரைக்குத் தெரியாது.

பராமரிப்பில், ரோலர் பள்ளத்து வடிகாலைத் தூர்வாருவது, செயினுக்கு எண்ணெய் இடுவது எல்லாம் பையன்கள் செய்துவிடுகிற வேலை. பூச்சைப் புதுப்பிக்க மட்டும் ரோலரைக் கழற்றவேண்டும். அதுவரை சோதனை வருமானம் நின்றுவிடும். ஸ்டிக்கரின் தேதி முடியாதவரை அந்தச் செலவைத் தள்ளிப்போடவே யாருக்கும் தோன்றும்.