சுடுவதும் விற்பதும்

சுடுகிற ஆட்டங்களில் எனக்கு அதிக மதிப்புக் கிடையாது. மேலேயிருந்து பகைவர்கள் வரிசை வரிசையாக இறங்குவார்கள். கீழேயிருந்து நாம் சுட வேண்டும். மூன்று உயிர் கொடுப்பார்கள்; மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ 1978-ம் வருஷம் செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இந்த வகைக்குப் பாதை போட்டது. முதல் நூல் என்ற மரியாதை அதற்கு உண்டு. பின்னால் வந்தவற்றில் முக்கால்வாசி, அதற்கே வேறு வர்ணம் பூசியவை. தொடர்கதை எழுதிப் பழகிய எனக்கு இது தெரிந்த வியாதிதான்.

இந்த வரிசையில் சேர்த்துப் பேசப்படுகிற, ஆனால் இதில் அடங்காத ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பெயர் 'எலீட்'. 1984-ம் வருஷம் செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. செய்தவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு வாலிபர்கள். இருவரும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஜீஸஸ் காலேஜ் மாணவர்கள். ஒருவரும் அவர்களை வேலைக்கு வைத்துச் செய்யச் சொல்லவில்லை. படிப்புக்கு நடுவே, சொந்த இஷ்டத்துக்கு எழுதினார்கள். தார்ன் இ.எம்.ஐ. என்ற பெரிய கம்பெனியிடம் காட்டினார்கள். மூன்று உயிர் எங்கே, எண்ணிக்கை எங்கே, பத்து நிமிஷத்தில் முடிய வேண்டாமா என்று கேட்டு அந்தக் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. பத்திரிகை ஆபீஸிலிருந்து கதை திரும்பி வந்த அநுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்விகளின் தொனி புரியும். கடைசியில் ஏக்கார்ன் நிறுவனத்தைச் சேர்ந்த ஏக்கார்ன்ஸாப்ட் அதை வெளியிட்டது.

ஏக்கார்ன்தான் 'பி.பி.ஸி. மைக்ரோ' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரையும் செய்தது. 1981 டிசம்பரில் வந்த யந்திரம். மொத்த நினைவு 32 கிலோபைட். அதிலும் ஒரு பங்கைத் திரை எடுத்துக்கொள்ளும். இன்னொரு பங்கு யந்திரத்தின் சொந்தச் செலவு. நீங்கள் படிக்கிற இந்தக் கட்டுரையை இன்றைய கம்ப்யூட்டர் தமிழில் சேமித்து வைக்கிற முறையில் அதற்குள் போட்டால், பாதி யந்திரத்துக்கு மேல் நிறைந்துவிடும். அவ்வளவு சிறிய இடத்தில் எட்டு நட்சத்திர மண்டலங்களை வைத்தார்கள். மண்டலத்துக்கு 256 கிரகங்கள், மொத்தம் 2,048. ஒவ்வொன்றுக்கும் பெயர், அரசாங்கம், தொழில், ஜனத்தொகை, சந்தை விலை எல்லாம் உண்டு.

எப்படி வைத்தார்கள்? வைக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. மூன்று எண்களை மட்டும் வைத்தார்கள். மூன்றையும் கூட்டி, முதல் எண்ணைத் தள்ளிவிட்டு, கூட்டி வந்ததைக் கடைசியில் சேர்த்தால் புதிதாக மூன்று எண்கள். அவற்றிலிருந்து அடுத்த கிரகம். எங்கே போகிறோமோ அங்கேயுள்ள கிரகம் அந்தக் கணத்தில் கணக்கிலிருந்து பிறக்கிறது. மறுமுறை போனால் அதே கிரகம் அதே குணங்களோடு இருக்கிறது. வேங்கடமகி 72 மேளங்களையும் பாடிப் பார்த்தா வைத்தார்? விதியை வைத்தார், மேளங்கள் வந்தன. பெயர்களும் இப்படியே. இரண்டு இரண்டு எழுத்தாகச் சில துண்டுகள். அவற்றைக் கோத்தால் லாவே, டைசோ, லீஸ்டி என்று பெயர்கள் அமைகின்றன. ஒரு மண்டலத்தில் ஒரு கிரகத்துக்கு ஆபாசமான பெயர் அமைந்துவிட, மண்டலத்தையே தூக்கி எறிந்துவிட்டார்களாம். மாற்றி எழுத அங்கே எழுதி வைத்தது ஒன்றும் இல்லையே!

இந்த வித்தையில் கோடானுகோடி கிரகங்கள் உண்டாக்கலாம். வாலிபர்களுக்கு அந்த ஆசை இருந்தது. எட்டு மண்டலம் போதும் என்று நிறுத்தியவர்கள் பிரசுரகர்த்தர்கள். நான் பிரசுரகர்த்தர்களைப் புகழ்வது அபூர்வம், இங்கே புகழ்கிறேன். அளவில்லாமல் கொட்டியிருந்தால் எல்லாம் ஒரே அச்சு என்பது ஒரே நாளில் வெளிப்பட்டிருக்கும்.

ஆட்டத்துக்கு வருவோம். லாவே என்ற கிரகத்தருகில் ஆரம்பிக்கிறீர்கள். கையில் 100 கிரெடிட், ஒரு கப்பல், அதில் 20 டன் சரக்கு ஏற்ற இடம். விவசாயக் கிரகத்தில் தானியம் மலிவு, யந்திரத் தொழில் உள்ள கிரகத்தில் கிராக்கி. வாங்கி, கொண்டுபோய், விற்க வேண்டியது. வழியில் கொள்ளைக்காரர்கள். அப்போதுதான் சுட வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்தது இந்த இடம்தான். மற்ற ஆட்டங்களில் எனக்குப் பயம் வந்ததில்லை, ஏனென்றால் அங்கே என்னுடையது என்று ஒன்றும் இல்லை. இங்கே கைமுதல் முழுவதையும் போட்டு வாங்கிய சரக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரையின் அடியில் ஒரு நீள்வட்டம். அதில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து ஒரு குச்சி. குச்சி மேல்நோக்கி நின்றால் அவன் நம் தலைக்கு மேலே. கீழே தொங்கினால் காலுக்கு அடியில். கப்பல்களெல்லாம் கறுப்பில் வெறும் கோடுகள், கன்னமும் கண்ணும் இல்லாத எலும்புக்கூடுகள். இருந்தும் மூன்று குச்சிகள் ஒன்றாகத் திரும்பி நம்மை நோக்கி வரும்போது உள்ளங்கை வேர்க்கிறது. சரக்கைப் பற்றிய கவலை அந்தக் கோடுகளுக்கு உயிர் கொடுத்துவிடுகிறது.

சண்டையில் பிழைத்தாலும் துறைமுகம் சேர வேண்டும். விண்வெளி நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் முகத்தில் தபால் பெட்டி வாய் போல ஒரு துவாரம். நம் கப்பலையும் அதே வேகத்தில் சுழற்றி, அந்த வாயில் நுழைய வேண்டும். புதிதாக வருகிறவன் மோதிச் சாவான். காஸெட்டில் கடைசியாகப் பதிந்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவான். 1,500 கிரெடிட் கொடுத்தால் தானே கொண்டு சேர்க்கும் கருவி ஒன்று கிடைக்கிறது. வாங்காமல் இருக்கும்வரை ஆட்டம் நன்றாக இருக்கிறது.

பெட்டியோடு 'தி டார்க் வீல்' என்று ஒரு குறுநாவலும் கொடுத்தார்கள். எழுதியவர் ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக். நல்ல எழுத்தாளர், அதே வருஷம் வந்த அவருடைய 'மித்தாகோ வுட்' பரிசு பெற்ற நாவல். ஆனால் இந்தக் குறுநாவல் தகப்பனைக் கொன்றவனைப் பிள்ளை பழிவாங்கும் கதை. ஆட்டத்துக்கு இது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். முதல் தடவை கடனில்லாமல் ஒரு லேசர் வாங்கியது எனக்கு நடந்தது. அந்தப் பிள்ளையின் சோகம் வேறு யாருக்கோ நடந்தது.

இனி, குறை. சந்தைப் பட்டியலில் 17 சரக்குகள். கதிரியக்கப் பொருளுக்கும் மதுவுக்கும் நடுவே ஒரு வரி: அடிமைகள். அது சட்டவிரோதம், போலீஸ் துரத்தும் என்பதெல்லாம் சரி. ஆனால் குற்றம் எழுதி வைத்த கணக்கு, ஒவ்வொரு நட்சத்திரம் தாண்டும்போதும் பாதியாகக் குறைகிறது. நாலைந்து ஊர் போய் வந்தால் மனிதன் ஏறக்குறையச் சுத்தம். தவிர, வீரனுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். அது கொன்ற கணக்கை மட்டும் பார்த்து. 'எலீட்' ஆவதற்கு 6,400 கப்பல்களை அழிக்க வேண்டும். ஆயுள் முழுவதும் யோக்கியமாகத் தானியம் விற்றவனுக்கு அங்கே மரியாதை இல்லை. ஆசிரியர்கள் உபதேசம் செய்யாதது நல்லதே. ஆனாலும் இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் ஒரு ஞாபகசக்தியையும் வைத்திருக்கலாம்.

இந்தப் பழைய யந்திரத்தைப் போல இன்றைய கம்ப்யூட்டரை நடிக்க வைத்து எனக்கு இதைக் காட்டியவன் என் மருமகன். அன்று அவன் ஒரு கப்பலை உடைத்தான். அதிலிருந்து தப்பிக்க ஒருவன் சிறு கூண்டில் ஏறி வெளியே குதித்தான். மருமகன் அந்தக் கூண்டை அள்ளிக்கொண்டான். சரக்குப் பட்டியலைத் திறந்தால், அடிமைகள் என்ற வரியில் கணக்கு ஏறியிருந்தது.

"இப்போது தப்பித்தானே, அவனா இது?" என்று கேட்டேன்.

"ஆமாம் மாமா, ஒரு டன்" என்றான், விலையைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த ஊரில் விற்றுவிட்டான். அவனுடைய பட்டம் இப்போது 'அபாயமானவன்'. என்னுடையது 'பெரும்பாலும் தீங்கற்றவன்'. நான் தானியம்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.