விடியல் எத்தனை மணிக்கு?

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டனில் காலை 8.04-க்கு உதிக்கும் சூரியன் பிற்பகல் 3.53-க்கு மறைந்துவிடுகிறது. பகலுக்கு 30 நாழிகை என்பது நம் பழைய கணக்கு. அங்கே அப்போது 20 நாழிகைகூடத் தேறாது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. அதனால் அந்த இருட்டின் கனம் நமக்கு எளிதில் பிடிபடுவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஸ்பெயினின் தென்கரைக்கும் போர்ச்சுகலின் அல்கார்வேக்கும் குடிபெயரும் பிரிட்டிஷ் முதியவர்களைப் பற்றிப் பேசும்போது, ஏதோ கடற்கரை மோகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது மோகமில்லை, உடம்பின் தேவை.

குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் 1984-இல் விவரித்தார்கள். பிரகாசமான ஒளியே அதற்கு மருந்தாகலாம் என்றும் காட்டினார்கள். முதுமை இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் பாரிக்கிறது. உடலின் உள்கடிகாரத்தை முடுக்குவதில் முக்கியப் பங்கு நீல ஒளிக்குத்தான்; மஞ்சளித்த வில்லை தடுத்துவிடுவதும் அதைத்தான். இருபது வயதுப் பேரனுக்குப் போதுமான வெளிச்சம் எழுபது வயதுத் தாத்தாவுக்குப் போதாது. அந்த வகையில், வெளிச்சத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது வரிச்சலுகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட அறிவார்ந்த காரியம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அவர்கள் எந்த வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் விடுமுறைக்குப் போன ஜூன் மாதத்து வெளிச்சத்தை. அப்போது ஸ்பெயினின் தென்கரை நகரமான மலகாவில் இரவு 9.40 வரை சூரியன் இருக்கும். அந்த நீண்ட மாலையில் மயங்கி வீடு வாங்குகிறவர்கள், அதே ஊரின் டிசம்பர்க் காலையைப் பார்ப்பதில்லை. அன்று அங்கே விடியும்போது மணி 8.20-ஐத் தாண்டிவிடும். விடியும் நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் லண்டனைவிடத் தாமதம்! பகல் லண்டனைவிட ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம் நீளம் என்பது உண்மை. கூடுதல் வெளிச்சம் முழுவதும் மாலைக்குப் போய்விடுகிறது என்பதும் உண்மை.

இதன் காரணம் வானத்தில் இல்லை, 1940-இன் ஓர் அரசாணையில் இருக்கிறது. புவியியல்படி ஸ்பெயினின் பெரும்பகுதி லண்டனின் நேர வலயத்தைச் சேர்ந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது; இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வடமேற்கு மூலையிலுள்ள வீகோ நகரில் டிசம்பரில் விடியும்போது காலை 9 மணி. போர்ச்சுகலும் 1992-இல் இதே மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறிப் பார்த்தது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது போன்ற முறையீடுகள் வலுக்க, 1996-இல் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. விளைவு, மலகாவிலிருந்து நேர்கோட்டில் 300 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, அல்கார்வேயில் இருக்கும் ஃபாரோவில் குளிர்காலச் சூரியன் 7.40-க்கே வந்து, மாலை 5.20-க்குப் போய்விடுகிறது. பகலின் நீளம் ஒன்றுதான். கடிகாரம் மட்டும் வேறு.

ஓய்வு பெற்றவருக்குக் கடிகாரம் எதற்கு, சூரியனைப் பார்த்து வாழ்ந்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். தனித்தீவில் வாழ்ந்தால் அது சரி. ஊரோடு வாழ்கிறவருக்கு மருத்துவமனையும் வங்கியும் பக்கத்து வீட்டுக்காரரும் கடிகாரப்படிதான் நடக்கிறார்கள். மலகாவில் இரவு உணவு 9 மணிக்கு மேல்தான் தொடங்கும். முதுமையிலோ தூக்கம் முன்னுக்கு நகர்கிறது. 8 மணிக்கே கண் சொக்கி, 4 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு மாலை வெளிச்சம் நன்மையே செய்யும், தூக்கத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். குளிர்கால மனச்சோர்வு உள்ளவருக்கோ காலை ஒளிதான் அதிகம் பலனளிக்கிறது. அவருக்கு ஃபாரோ பொருந்தும், முதலாமவருக்கு மலகா. “ஆண்டுக்கு 300 நாள் வெயில்” என்று வீட்டுத் தரகர்கள் நீட்டும் விளம்பரத்தாளில் இந்த வேறுபாடு எங்கும் இருக்காது.

தாய்நாட்டோடு உள்ள நேர இடைவெளிக்கு வருவோம். இடைவெளி குறைவாக இருந்தால் நல்லது, கூடக் கூடக் கெடுதல் என்று எல்லோரும் நேர்கோடாகக் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு அப்படி நடப்பதில்லை. மலேசியா 2002-இல் தொடங்கிய நீண்டகாலக் குடியிருப்புத் திட்டத்தில் ஒருவர் பினாங்குக்குப் போகிறார் என்று வையுங்கள். குளிர்காலத்தில் லண்டனோடு 8 மணி நேர வித்தியாசம். பேரப்பிள்ளை பள்ளி முடிந்து மாலை 4 மணிக்கு வீடு வரும்போது பினாங்கில் நள்ளிரவு. மகள் அலுவலகம் விட்டு 6 மணிக்கு மூச்சு விடும்போது அங்கே அதிகாலை 2. வேலைநாளில் மிஞ்சுவது, அவர்கள் பரபரவென்று கிளம்பும் காலைப் பொழுது மட்டும். நியூசிலாந்துக்குப் போனவருக்கோ குளிர்கால வித்தியாசம் 13 மணி நேரம். ஆனால் லண்டனில் இரவு 7 மணி என்றால் அங்கே மறுநாள் காலை 8. ஒருவர் தேநீரும் மற்றவர் இரவுச் சாப்பாடுமாக நிதானமாகப் பேசலாம். நியூயார்க்கில் பிள்ளைகளை விட்டுவிட்டு மணிலாவில் குடியேறும் அமெரிக்கருக்கும் இதே வசதி உண்டு. தூரம் கூடியும் பேச்சு எளிதாகிறது. பார்க்க வேண்டியது விழித்திருக்கும் நேரங்கள் எங்கே ஒட்டுகின்றன என்பதை.

பேச்சுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு பயணத்துக்குப் பொருந்தாது. பல நேர வலயங்களைத் தாண்டினால் உடல் நிலைக்கு வரப் பல நாள் ஆகும். கிழக்கு நோக்கிப் போனால் சிரமம் இன்னும் கூடும். அறுபத்தைந்தில் தாங்குகிற பயணம் எண்பதில் தாங்காது.

நிலநடுக்கோட்டை நாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எக்வடோரின் குவென்கா நகரம் அமெரிக்க ஓய்வூதியர்களுக்குப் பிடித்த ஊர்; சுமார் 2,500 மீட்டர் உயரம், இதமான குளிர், நியூயார்க்கின் குளிர்கால நேரமேதான். ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். குளிர்கால இருட்டுக்குப் பயந்தவருக்கு இது வரம். ஆனால் ஜூனிலும் 6.30-க்குள் இருட்டிவிடும், அந்தியும் சட்டென்று முடியும். இரவு 9 மணி வரை தோட்டத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர் இழக்கும் நீண்ட மாலைக்கு அங்கே ஈடு இல்லை. அதை இழப்பாக உணர்வாரா என்பதை ஒரு வாரச் சுற்றுலாவில் அறிய முடியாது.

இத்தனையும் எடை போட்டால், பிரிட்டனிலிருந்து கிளம்புகிறவருக்கு நான் முதலில் காட்டுவது கானரித் தீவுகளைத்தான். ஸ்பெயினின் வானொலியில் மணி சொல்லும்போதெல்லாம், கானரியில் ஒரு மணி நேரம் குறைவு என்று சேர்த்துச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரக் குறைவால் தீவுகளின் கடிகாரம் லண்டனோடு அப்படியே ஒத்துப்போகிறது, கோடையிலும் குளிரிலும். டெனெரீஃபில் மிகக் குறுகிய பகலே 10 மணி 20 நிமிடத்துக்கு மேல். அங்கேயும் வீட்டைப் பார்க்க ஜூலையில் போக வேண்டாம். டிசம்பர் 20-ஐ ஒட்டிப் போய், காலை 8 மணிக்கு வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும்.