கபர் லஹரியா: ஒரு மதிப்பீடு

செய்தித்தாளைத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவந்து ஆராயும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகிறது. காலையில் வந்து மாலையில் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போகும் தாளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்பது பொதுவான எண்ணம். ஆயினும் தமிழ் உரைநடையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போர் இவ்வெண்ணம் பிழையுடையது என்பதை உணர்வர். 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ இல்லையேல், 1904இல் அதன் துணையாசிரியராக வந்தமர்ந்த பாரதியாரின் உரைநடை வேறு விதமாக அமைந்திருக்கக் கூடும். 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’ எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் தன் வாசகராக மதித்தது, வாக்கியத்தைக் குறுக்கியது, வழக்குச் சொல்லுக்கு அச்சில் இடம் தந்தது. அதன் நடையைக் குறைகூறிய புலவர் பலர். ஆனால் ஒரு மொழியின் எழுத்து வடிவம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு அந்நடை ஒரு விடையாக அமைந்தது என்பதை மறுத்தல் அரிது.

இணையத்தின் பெருக்கத்தால் செய்தித்தாள்கள் அழியுமா, நிலைக்குமா என்று இன்று பலரும் வினவுகின்றனர். விளம்பர வருவாய் சரிந்தமை, அச்சுத்தாள் விலை ஏறியமை, கைப்பேசியிலேயே செய்தி கிடைத்தல் ஆகியவற்றை எடுத்துக்காட்டி ஒரு சாரார் அழியும் என்பர். மற்றொரு சாரார் இந்திய மொழி நாளிதழ்களின் வலிமையைக் காட்டி நிலைக்கும் என்பர். இவ்விரு சாராரும் வணிகத்தைப் பற்றியே பேசுகின்றனர் என்பது நம் கருத்து. அச்சிலிருந்து வெளியேறும் ஏடு தன்னுடன் எதை எடுத்துச் செல்கிறது, எதை விட்டுச் செல்கிறது என்பதை மொழியின் பக்கம் நின்று பார்ப்பவர் குறைவு. அவ்வாறு பார்ப்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டத்தில் தோன்றிய ‘கபர் லஹரியா’ என்னும் வட்டார ஏட்டை இங்கே எடுத்துக்கொள்வோம். தலைநகரிலிருந்து ஓரிரவு இரயில் பயணத் தொலைவில் இருந்தும், நம்மில் பலர் அந்த ஏட்டை ஆங்கில நாளிதழ்கள் புகழ்ந்த பின்னரே அறிந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பந்தேல்கண்டு வறண்ட நிலம். நீர், கல் குவாரி, சாதி ஆகிய மூன்றும் அங்கே வாழ்வின் போக்கை நிர்ணயிக்கின்றன. தொண்ணூறுகளில் ‘மகிளா சமாக்யா’ என்னும் அரசுத் திட்டம் பாந்தா வட்டாரத்தில் ஏழைப் பெண்களுக்குக் கைப்பம்பு பழுதுபார்க்கும் தொழிலைக் கற்பித்தது. அதனோடு எழுத்தையும் கற்பித்தது. இவ்விரண்டும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டமை கருதத்தக்கது. பம்பின் உறுப்புகளைக் கணக்கெழுதி வாங்க வேண்டிய கைக்கு எழுத்து அணிகலன் அன்று, கருவி. ஆனால் எழுதக் கற்றவர் படிப்பதற்கு அவ்வூரில் ஒன்றுமில்லை. படிக்க ஒன்றுமில்லாத ஊரில் கற்ற எழுத்து சில ஆண்டுகளில் மறந்துபோகும். இக்குறையை நீக்க ‘மகிளா டாகியா’, அதாவது பெண் தபால்காரர், என்னும் பெயரில் ஒரு தாள் வெளிவந்தது. அது நின்றுபோன பின், 2002 மே மாதத்தில், கர்வி நகரில் ‘கபர் லஹரியா’ தோன்றியது. பெயரின் பொருள் செய்தி அலைகள். டில்லியில் இயங்கும் ‘நிரந்தர்’ என்னும் கல்வி அமைப்பு அதற்குத் துணை நின்றது.

எழுதியோர் பெரும்பாலும் தலித் பெண்கள். பழங்குடியினரும் முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். செய்தி திரட்டுதல், எழுதுதல், படம் வரைதல், பக்கம் அமைத்தல், கட்டைச் சுமந்து சென்று ஊர் ஊராக விற்றல் ஆகிய அனைத்தும் அவர்களுடைய பணியே. 2004இல் அவ்வேட்டுக்குச் சமேலி தேவி ஜெயின் விருதும், 2009இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசும் கிடைத்தன. கொரியமொழிக்கு எளிய எழுத்தை ஆக்குவித்த அரசரின் பெயரால் வழங்கப்படும் பரிசு இது என்பதைக் குறித்துக்கொள்வோம். இதழியலுக்கான பரிசு ஒன்று, எழுத்தறிவுக்கான பரிசு ஒன்று. இவ்விரண்டில் பின்னதே அந்த ஏட்டின் உட்பொருளை நன்கு உணர்ந்து வழங்கப்பட்டது என்று நாம் கருதுகிறோம்.

ஏட்டின் மொழி பந்தேலி. பெரியதோர் இந்தி நாளிதழான ‘தைனிக் ஜாக்ரண்’ இதே பந்தேல்கண்டின் ஜான்சி நகரில்தான், ‘தினத்தந்தி’ பிறந்த அதே 1942ஆம் ஆண்டில், தொடங்கப்பட்டது. ஆயினும் அதன் மொழி நகரத்து இந்தியே. பின்னாளில் பெரிய இந்தி நாளிதழ்கள் மாவட்டந்தோறும் தனிப் பதிப்பு வெளியிட்டு உள்ளூர்ச் செய்தியை மலியச் செய்தன என்பது உண்மை. ஆனால் அம்முறையில் ஒரு மாவட்டத்தின் துயரம் அடுத்த மாவட்டத்துப் பதிப்பை எட்டுவதில்லை; எட்டாத செய்தி லக்னோவை அசைப்பதுமில்லை. மேலும் அப்பதிப்புகளின் ஊர் நிருபர் பலருக்கு விளம்பரம் திரட்டித் தரும் பொறுப்பும் உண்டு. விளம்பரம் தந்த குவாரி முதலாளியைப் பற்றி அந்நிருபரின் பேனா என்ன எழுதும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய தாள்கள் சிலவற்றை நாம் படித்துப் பார்த்தோம். டில்லிக் கடைத்தெருவில் கற்ற நமது இந்திக்குப் பந்தேலி எளிதில் பிடிபடவில்லை. நண்பரொருவரின் துணையோடு வரி வரியாகக் கடந்தோம். எழுத்துகள் பெரியவை, வாக்கியங்கள் சிறியவை. புதிதாகப் படிக்கக் கற்றவரின் கண் எவ்விடத்தில் களைப்புறும் என்பதை அறிந்தவர் எழுதியவை என்பது புலனாகிறது. ‘அதிகாரிகள் நடவடிக்கை மேற்கொள்வர் என்று தெரிகிறது’ என்பது போன்ற, செய்பவன் யார் என்று தெரியாத வாக்கியங்களுக்கு அங்கே இடம் குறைவு. பம்பு பழுதானது என்றால் எந்தத் தெருப் பம்பு, யாரிடம் சொன்னார்கள், அவர் என்ன விடை கூறினார் என்பதே செய்தி. பேச்சுமொழியாகவே இருந்துவந்த ஒன்று, குற்றச்சாட்டையும் கணக்கையும் தாங்கும் உரைநடையாக மாறும் நிலையை அத்தாள்களில் காணலாம். தமிழுக்கு இம்மாற்றம் எப்போதோ நிகழ்ந்துவிட்டது; நாம் அதை நூல்களில் படித்து அறிகிறோம். பந்தேலிக்கு அது நம் கண்முன் நிகழ்ந்தது. அதை நிகழ்த்தியோர், பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்ற பெண்கள்.

2015ஆம் ஆண்டின் முடிவோடு அச்சு நின்றது. 2016 முதல் ‘கபர் லஹரியா’ முழுவதும் இணையத்தில் இயங்குகிறது. அதன் நிருபர்கள் கைப்பேசியில் காணொளி எடுத்து அனுப்புகின்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஜியோ’ சேவை தொடங்கியபின் இணையக் கட்டணம் பெரிதும் விழுந்தது. காணொளி சிற்றூர்களில் பரவியது. அச்சுத்தாள் சில ஆயிரம் கைகளை எட்டுவதற்கே பேருந்தும் கால்நடையும் வேண்டியிருந்த இடத்தில், ஒரு நிமிடக் காட்சி இன்று எல்லை கடந்து செல்கிறது. படிக்கத் தெரியாத மூதாட்டியும் தன் ஊர்ச் சாலையின் குழியைத் திரையில் கண்டு, இது எங்கள் தெரு என்று சொல்லலாம். இப்பயனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று.

ஆயினும் இங்கே ஒரு முரண் உண்டு. கற்ற எழுத்து மறந்துபோகாமல் காப்பதற்காகப் பிறந்த ஏடு, எழுத்தே வேண்டாத வடிவத்திற்கு மாறியிருக்கிறது. பந்தேலியின் ஒலி காணொளியில் வாழ்கிறது. முன்னிலும் மிகுதியாகவே வாழ்கிறது எனலாம். பந்தேலியின் உரைநடையோ, பதின்மூன்று ஆண்டுகள் பெற்றுவந்த பயிற்சியை இழந்தது. அது இனி எங்கே எழுதப்படும்? பாடநூல் அம்மொழியில் இல்லை, அலுவலகம் இல்லை, பெரிய நாளிதழ் இல்லை. இணையப் பக்கத்தில் எழுதப்படும் செய்திக் குறிப்பு பரந்த வாசகரை நாடுவதால் பொது இந்தியையோ ஆங்கிலத்தையோ சார்கிறது. இது நிருபர்களின் குற்றமன்று. ஆதரவு தருவோரும் சந்தா கட்டுவோரும் நகரங்களில் இருக்கையில், ஏட்டின் முகம் தானாகவே அப்பக்கம் திரும்பும். ஊருக்காக எழுதிய ஏடு, ஊரைப் பற்றி எழுதும் ஏடாக மாறும் இடம் இதுவே. அம்மாற்றம் முற்றிலும் நிகழ்ந்துவிட்டது என்று நாம் கூற வரவில்லை, கர்வியிலும் பாந்தாவிலும் உள்ளவர்களே இன்னும் காணொளியின் முதல் வாசகர்கள் (பார்வையாளர் என்று சொல்ல வேண்டுமோ?). ஆனால் எந்தக் காட்சி யார் கண்ணில் படும் என்பதை இப்போது கர்வியின் ஆசிரியர் குழு மட்டும் முடிவு செய்வதில்லை. எங்கோ உள்ள பெருநிறுவனத்தின் கணக்கீட்டு முறையும் முடிவு செய்கிறது. கட்டைத் தலையில் வைத்து விற்றபோது வாங்க மறுத்தவன் யார் என்று விற்றவளுக்குத் தெரியும், இப்போது தெரிவதில்லை.

அச்சில் எழுதியவரின் முகம் மறைந்து நிற்கலாம். திரையில் அது தோன்றியே ஆக வேண்டும். அலைபேசி எண் தெரிந்த பெண் நிருபருக்கு நேரும் இடர் எத்தகையது என்பதையும் இவ்வேட்டின் வரலாறே காட்டுகிறது. 2015இல் ஒருவன் மாதக்கணக்கில் தொலைபேசி வழியே நிருபர்களை இழிமொழி கூறி அச்சுறுத்தினான். முறையீடுகள் பயன் தரவில்லை. அப்பெண்கள் தம் அனுபவத்தை எழுதி, அது இணையத்தில் பரவி, தலைநகரங்களில் பேசப்பட்ட பின்னரே அவன் கைது செய்யப்பட்டான். இடரைக் கொணர்ந்த கருவியே மீட்பையும் கொணர்ந்தது. அதிலும் ஒன்று கவனிக்கத்தக்கது: மீட்டது எழுத்து.

இம்மாற்றத்தின் காலத்தைப் படமாக்கியது, ரிண்டு தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் இயக்கிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ என்னும் ஆவணப்படம். 2021இல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்று, 2022இல் ஆஸ்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. படம் நன்றாகவே அமைந்திருக்கிறது. தலைமை நிருபர் மீரா சக பெண்களுக்குக் கைப்பேசியைக் கற்பிக்கும் காட்சிகளில் இயக்குநர்கள் காட்டும் பொறுமை பாராட்டத்தக்கது. கருவியின் ஆங்கில எழுத்துகளே ஒரு தடையாக நிற்பதை உரையேதுமின்றி உணர்த்திவிடுகின்றனர். குவாரிப் பகுதியில் வளர்ந்த சுனிதா, குவாரியைப் பற்றியே செய்தி சேகரிக்கும் பகுதி எளிதில் மறக்கக் கூடியதன்று.

ஆனால் 2022 மார்ச்சில், விருது விழாவுக்குச் சில நாட்கள் முன், ‘கபர் லஹரியா’ ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் நெஞ்சை உருக்குவதே. எனினும் தம் ஏட்டை ஒரே கட்சியைப் பற்றிய செய்தியில் மூழ்கிய நிறுவனமாகக் காட்டுவது பொருந்தாது என்பது அதன் சாரம். நன்றி மறந்தவர்கள் என்று அப்போது சிலர் பேசினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அவ்வறிக்கை ஒரு திறனாய்வு. அதுவும் நல்ல திறனாய்வு. தன்னைப் பற்றிய நூலில் தான் இல்லை என்று கதைமாந்தரே எழுந்து சொல்வது இலக்கியத்தில் நிகழ்வதில்லை, ஆவணப்படத்தில் நிகழலாம். வட்டார ஏட்டின் இயல்பு சிறு செய்திகளின் பன்மை: பம்பு, பங்கீட்டுக் கடை, கழிப்பறைக்கு வராத பணம், பள்ளிக்கு வராத ஆசிரியர், வன்முறை, திருவிழா. அவற்றுள் வெளியூரார்க்கு உடனே விளங்குவது தேர்தல் ஒன்றே. படம் தேர்தலை நோக்கிச் சாய்ந்தது இயக்குநர்களின் தீய எண்ணத்தால் அன்று, கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்னும் கலைத்தேவையால். பழுதான பம்புக்கு அத்தகைய முடிவு கிடையாது. ஒரு வாரம் சீராகும். மறு வாரம் மீண்டும் பழுதாகும். ஏடு மீண்டும் எழுத வேண்டும். இப்படி மீண்டும் மீண்டும் எழுதுவதற்குத் திரையில் இடம் தருவது கடினம். வாரத்தாளில் அதற்கென்றே இடம் இருந்தது.

அச்சை மீண்டும் தொடங்குமாறு அப்பெண்களுக்கு அறிவுரை கூற நமக்கு உரிமையில்லை. அச்சுக்கான பணத்தை நாம் தரப்போவதில்லை. தாளைச் சுமந்து நடக்கப்போவதும் நாமல்லோம். ஆயினும் ‘மகிளா டாகியா’ போன்றதொரு ஒற்றைத் தாள், திங்களுக்கு ஒன்றாகப் பெரிய எழுத்தில் பந்தேலியில் அச்சாகி, பங்கீட்டுக் கடைச் சுவரில் ஒட்டப்படுமாயின், அதற்கு ஆகும் செலவு பெரிதாக இராது. அதற்கு உதவக் கூடியோர் இந்நகரில் பலர் உளர். மற்றொன்று நம் சங்கமே செய்யக் கூடியது. பதின்மூன்று ஆண்டுத் தாள்களிலிருந்து நூறு செய்திகளைத் தேர்ந்து, அவற்றின் பந்தேலி மூலத்தை நாகரி எழுத்திலேயே ஒரு பக்கத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பை எதிர்ப்பக்கத்திலும் வைத்து ஒரு நூலாக வெளியிடலாம். காளிதாசனையும் தாகூரையும் மொழிபெயர்த்த கைகள் நம்மிடையே உண்டு. கர்வி நகரத்துப் பம்பைப் பற்றிய ஆறு வரிச் செய்தியை, அதன் சுருக்கம் கெடாமல் தமிழில் தருவது அவற்றினும் எளிய வேலையாக இராது. அடுத்த மலருக்கு முன் பத்துச் செய்திகளையேனும் முயன்று பார்க்க அன்பர் சிலர் இசைந்துள்ளனர். பந்தேலி அறிந்தோர் எவரேனும் உளராயின் சங்க நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் அவர்களைக் காணலாம்.