படகு இழுத்தால் அது ஈத்தூண்டிலா?

ஆற்றில் ஏறிவிட்ட சால்மன் இரை எடுப்பதில்லை. அங்கே அது முடியால் கட்டிய செயற்கை ஈயைக் கவ்வுவது கோபத்திலா, பழைய பழக்கத்திலா என்று இன்னும் வாதாடுகிறார்கள். கடலில் அந்தச் சிக்கல் கிடையாது. பசியோடு திரியும் மீனுக்கு அதன் இரையைப் போலவே முடியில் கட்டிக் காட்ட வேண்டும். பெயர்தான் ஈ, கட்டுவது பெரும்பாலும் குட்டி மீன். அமெரிக்காவின் பியூஜெட் சவுண்டிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை உப்புநீர் ஈத்தூண்டில் வளர்ந்தது இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான்.

மூத்த மரபு, படகில் இழுப்பவர்களுடையது. மான்வால் முடியிலோ பனிக்கரடி முடியிலோ நீளமாகக் கட்டிய 'பக்டெயில்' ஈயை, ஓடும் படகின் பின்னால் நீர்மட்டத்தில் துள்ளவிடுவார்கள். வான்கூவர் தீவின் கௌவிச்சன் விரிகுடா இதற்குப் பேர்போனது. கோஹோ சால்மன் படகின் நுரைக்குள்ளேயே பாய்ந்து வந்து கவ்வும். சியாட்டில்காரரான லெச்சர் லாம்புத், சால்மன் தின்னும் சிறுமீன்களைத் தொட்டியில் உயிரோடு விட்டு, அவற்றின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து முடிக்கற்றைகளை அடுக்கினார். இன்றைய ஈக்கள் பலவற்றுக்கும் மூலம் அந்த உழைப்புதான்.

அடுத்து வந்தவர்கள் எறிபவர்கள். 1939-இல் தோன்றிய அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம், உப்புநீர் ஈத்தூண்டில் சாதனைகளை 1978 முதல் தன் ஏட்டில் பதிகிறது. ஈயை எறிந்துதான் பிடிக்க வேண்டும், எஞ்சின் கியரில் இருக்கக் கூடாது என்பது அதன் விதி. ஈக்கு அருகே கட்டும் தடித்த நரம்பு 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆக, பக்டெயில்காரர்களின் மீன் எவ்வளவு பெரிதானாலும் ஏட்டில் ஏறாது. எனக்கும் எறிவதே ஈத்தூண்டில். ஆனால் ஈ கட்டும் கலையை இழுப்பவர்களிடம் கற்றுக்கொண்டு, பிறகு அவர்களை மட்டம் தட்டுவது நன்றியில்லாத வேலை.

எறிபவரின் கைவேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஈ விழுந்ததும் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் மாறி மாறிக் கயிற்றை இழுப்பார். ஈ நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் கோஹோ முகம் திருப்பிக்கொள்ளும். இழுத்த கயிறு அலையில் சிக்காமலிருக்க இடுப்பில் ஒரு கூடை. பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியையே கட்டிக்கொள்பவர்களும் உண்டு.

அந்தக் கூடைக்கு அதிக வேலை கடற்கரைக்காரர்களிடம். இவர்கள் படகே இல்லாமல் ஆற்று முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்று, ஏற்றவற்றத்தோடு வரும் பிங்க் சால்மனுக்குக் காத்திருப்பார்கள். அது நுண்ணிய இறால் வகைகளைத் தின்பது. அதற்கேற்ப ஈயும் சின்னது, இளஞ்சிவப்பு. இந்த மீனுக்கு ஆயுள் இரண்டே வருடம். பியூஜெட் சவுண்டில் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் கூட்டமாக வரும்.

அங்கே நடப்பது ஈத்தூண்டில் இல்லாவிட்டாலும், வான்கூவர் தீவின் கேம்பல் ரிவர் ஊரிலுள்ள டைய் கிளப்பை விட்டுவிட்டு மீன்பிடி விதிகளின் கண்டிப்பைப் பற்றிப் பேச முடியாது. 1924-இல் தொடங்கிய அந்தக் கிளப்பில் உறுப்பினராக, துடுப்புப் போடும் படகிலிருந்து, செயற்கை இரையில், 30 பவுண்டுக்குக் குறையாத சினூக் சால்மனைப் பிடிக்க வேண்டும். எஞ்சினுக்கு இடமில்லை. அதே ஊரில் நீதிபதியாக இருந்த எழுத்தாளர் ரோடரிக் ஹெய்க்-பிரவுன் (1908–1976) எடையை விட ஆற்றின் நலத்தையே பெரிதாகப் பேசினார்.

அவர் பக்கம் இருந்த நியாயத்தைக் காலம் காட்டியது. கோஹோ வரத்து சரிந்துபோக, 1998-இல் கனடா அரசு கடும் கட்டுப்பாடுகள் விதித்தது. இன்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சால்மனுக்குப் பின்கூர் இல்லாத முள்தான் சட்டம். கோஹோ அகப்பட்டால் முதலில் வாலுக்கு முன்னே முதுகிலுள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பைப் பார்க்க வேண்டும். அது வெட்டப்பட்டிருந்தால் பொரிப்பகத்து மீன். முழுதாக இருந்தால் இயற்கையில் பிறந்ததாகவே கணக்கு. பல பகுதிகளில் அதைத் தண்ணீரிலேயே கழற்றி விட்டுவிட வேண்டும்.