வெட்டுண்ட மரங்களின் கோடுகள்

வான்கோ என்றதும் நம்மில் பலர் நினைவில் எழுவது சூரியகாந்திப் பூக்களின் மஞ்சள் வண்ணம். அவ்வண்ணங்களால் புகழ்பெறுமுன் அவர் பல ஆண்டுகள் பென்சிலும் பேனாவும் கொண்டு நிலத்தைப் பயின்றார். 1884 மார்ச்சில், நெதர்லாந்தின் நூனென் என்னும் சிற்றூரில் வரைந்த ‘நுனி வெட்டிய பிர்ச் மரங்கள்’ அப்பயிற்சியின் கனி. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம் அதைப் பேணி வருகிறது.

காட்சி மிக எளியது. மலையில்லை, அருவியில்லை. சமவெளியில் தலை வெட்டப்பட்ட சில மரங்கள். ஒருபுறம் புல் வாரும் கருவியேந்திய பெண். மறுபுறம் மந்தையோடு ஓர் ஆயன். இருவரும் நமக்கு முதுகு காட்டிச் செல்கின்றனர். ஆகவே நம் பார்வையும் அவர்களைப் பின்தொடர்ந்து படத்தின் உள்ளே நடக்கிறது. படுக்கையாய்க் கிடக்கும் நிலத்தை நெடுக்காய் எழும் மரங்கள் தாங்கி நிறுத்துகின்றன. தாளின் அமைதி இந்த இரு திசைகளின் சமநிலையில்தான் பிறக்கிறது.

முதலில் பென்சிலால் அமைப்பை வகுத்து, அதன்மேல் பேனாவால் கோடுகளை உறுதிசெய்திருக்கிறார். அடிமரத்தில் கோடுகள் நெருங்கிக் கனக்கின்றன. துளிர்க்கொம்புகளில் மெலிந்து நிமிர்கின்றன. விறகுக்காக உழவர் மீண்டும் மீண்டும் வெட்டியதால் முடிச்சிட்ட மரங்கள் அவை. ஓவியர் அத்தழும்பை மறைக்கவில்லை. புதுக்கொம்பு அத்தழும்பிலிருந்தே எழுவதைக் காட்டுகிறார். மரங்களுக்குக் கிட்டிய இக்கவனம் மனித உருவங்களுக்குக் கிட்டவில்லை என்பது நம் சிறு குறை.

வான்கோ 1879இல் பெல்ஜிய நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே நற்செய்திப் பணியாற்றியவர். அதனால் ஆயனைக் கண்டதும் நல்லாயன் உவமையை இங்கே ஏற்றிச் சொல்ல நமக்கு ஆவல் எழலாம். அது வேண்டியதில்லை. மரத்தை மரமாகவே மதித்துப் பார்த்ததுதான் இவ்வோவியத்தின் பக்தி.

நம் வாலாஜாபாத்தைச் சூழ்ந்த நிலமும் சமவெளியே. பாலாற்று மணல், தென்னேரியின் நீண்ட கரை, பனைகளின் நெடுங்கோடு: இவையே நம் காட்சி. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர், பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தும், ‘இங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்பர். பார்க்க ஒன்றுமில்லை என்று கருதப்படும் நிலம் எளிதில் கைமாறுகிறது. ஏரிக்கரையும் பனையும் மறைந்தபின், அவை எப்படி இருந்தன என்று சொல்லவும் ஆளிருப்பதில்லை.

நம் சிறுவர்க்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ஒற்றைப் பனையின் முன் அமர்த்துவோம். படம் அழகாய் வராமற்போகலாம். மட்டை விழுந்த வடுக்களை ஒவ்வொன்றாய் எண்ணி வரைந்த பிள்ளை, பின்னொரு நாள் அம்மரம் இல்லாதபோது அதைத் தேடுவான்.