வழக்குரைத்த திறம்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கற்பிப்போர் பலரும் கண்ணகியின் சினத்தையே விரித்துரைப்பர். ஆயின், மதுரையை எரித்த சினம் தீர்ப்புக்குப் பின்னர் வந்தது. வழக்கை வென்றது அவள் சொல்லை அமைத்த முறையேயாகும். இதனை உணர வேண்டின், கொலைக்களக் காதையையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

ஆண்டுப் பொற்கொல்லனும் வாதத்தில் வல்லவனாகவே காணப்படுகிறான். அரசன் ஆராயாது ஆணையிட்டுவிட்டான். எனினும் கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்றே எனத் தயங்குகின்றனர். உடனே பொற்கொல்லன், மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டினையும் அடுக்குகிறான்; பழைய களவுக் கதையும் கூறுகிறான். அவன் கூறியன யாவும் கள்வரின் பொது இயல்பு பற்றியனவே. இச்சிலம்பு அரசியுடையதுதானா என்னும் வினாவுக்கு அவற்றுள் விடை இல்லை. அவ்வாறு வினவுவாரும் இலர். கோவலன் வெட்டுண்டான்.

கண்ணகியோ முதற்சொல்லிலேயே, ஆராயாத அரசன் எனக் குற்றத்தைச் சுட்டிவிடுகிறாள். அடுத்து, புறாவின் துயர் தீர்த்த மன்னனையும், கன்றிழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனையும் தன் ஊர்ப் பெருமையாகக் கூறுகிறாள். இவை வெறும் அணியல்ல. எதிரிலிருக்கும் அரசனை அளக்கும் கோல்களாம். பின்னரே தன் கணவன் பெயரும் தன் பெயரும் உரைக்கிறாள்.

கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என்கிறான் பாண்டியன். கண்ணகி அந்நீதியை மறுத்தாளில்லை. கோவலன் கள்வன் என்பது மெய்யா என்னும் ஒன்றனையே பற்றிக்கொள்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என, அதனைத் திறக்கும் முன்னரே சொல்லிவிடுகிறாள். தம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசனும். இருவர் கூற்றும் முடிந்தபின், கோவலனிடமிருந்து கொண்ட அச்சிலம்பே வருவிக்கப்பட்டு உடைகிறது. மாணிக்கம் தெறித்ததும், அரசன் தானே குற்றவாளியெனத் தீர்ப்புரைத்து உயிர் துறக்கிறான். வழக்காடியவளின் தெளிவோடு, உண்மையை மறையாத அரசனின் நேர்மையும் ஈண்டுப் போற்றத்தக்கது.

வாதக் கட்டுரை பயிற்றும் ஆசிரியர் இவ்விரு காதைகளையும் சேர்த்தே கற்பித்தல் நலம். சொல்வளம் பொற்கொல்லனிடத்தும் உண்டு. சோதித்தற்குரிய சான்று கண்ணகியிடத்தே உண்டு. நம் வாதத்தில் உடைத்துக் காட்டத்தக்க சிலம்பு யாது என்று மாணாக்கர் எழுதுமுன் தம்மைத் தாமே வினவிக்கொள்ளப் பழகுவாராக.