திறவுகோலும் வீடும்: செஞ்சையாவின் திருச்சபைக் கண்டனம்

1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாடு திருச்சபைக்கு மைய இடம் அளித்தது. அதே ஆண்டு சென்னையில் வெளியான ‘இந்தியாவில் கிறிஸ்தவ மறுசிந்தனை’ என்னும் ஆங்கிலத் தொகுப்பில் பி. செஞ்சையா வேறு வழி காட்டினார்: இயேசு அறிவித்தது இறையரசையே, நிறுவனமாகிய சபை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது.

திருமறை அவருக்குத் துணை நிற்கிறது. முதல் மூன்று நற்செய்திகளில் இறையரசு நூறு தடவைக்குமேல் பேசப்படுகிறது, ‘சபை’யோ மத்தேயுவின் இரு வசனங்களில் மட்டுமே (16:18, 18:17).

ஆயினும், சபையைக் கட்டுவேன் என்ற ஆண்டவர் அடுத்த வசனத்திலேயே பரலோக இராஜ்யத்தின் திறவுகோல்களைத் தருகிறார். திறவுகோல் பெற்றவன் வீட்டுக்கு உரியவன் அல்லன், வேண்டாதவனும் அல்லன். பின்னதைச் செஞ்சையா போதிய அளவு எண்ணவில்லை. முன்னதை நாம் எண்ணுவதேயில்லை. பதவிக்கும் சொத்துக்கும் வழக்காடும் சபை, இராஜ்யத்தைப் பூட்டினோர்மேல் கூறப்பட்ட ‘ஐயோ’வுக்குத் (மத்தேயு 23:13) தப்புமோ? ஆயர்கள் சிந்திப்பார்களாக.